ஒரே பானைச் சாப்பாடு, இரண்டு ரிப்போர்ட்

வெள்ளவத்தையிலிருந்து 53 வயது வாசகி ஒருவர் கேட்கிறார்: "மாதவிடாய் நின்று இரண்டு வருடம். 2019இல் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 172, இப்போது 196. கணவருக்கு 118தான். ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. இருவருக்கும் 34. ஒரே பானைச் சாப்பாடுதான். அண்ணாவுக்கு 47 வயதில் மாரடைப்பு வந்தது. நான் எங்கே பிழை விட்டேன், டொக்டர்? கொலஸ்ட்ரோலைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். ஈரல் பழுதாகிவிடுமோ என்று பயம்."

உங்கள் மீது பிழையில்லை, அம்மா. அந்தப் பழைய ரிப்போர்ட்டை எறியாமல் வைத்திருந்தீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது.

இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுப்பவை ஈரல் கலங்களின் மேலுள்ள வாங்கிகள். பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டும். மாதவிடாய் நின்றதும் அந்தத் துணை போய்விடும், எல்.டி.எல். ஏறும். 172, 196 ஆனதில் இதற்குப் பங்கிருக்கலாம். ஆனால் ஹோர்மோன் இருந்தபோதே 172 என்றால்? அங்கேதான் எனக்குப் பரம்பரையில் சந்தேகம் வருகிறது. இந்த வாங்கிக்கான மரபணுவில் பிறவியிலேயே குறையுள்ளவர்கள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவர். எல்.டி.எல். 190ஐத் தாண்டி, கூடப்பிறந்தவருக்கு இள வயதில் மாரடைப்பும் வந்திருந்தால் அதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். தைரொயிட் குறைந்தாலும் கொலஸ்ட்ரோல் ஏறும் என்பதால் தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த எஸ்.ஜி.பி.டி. 34. பல ஆய்வுகூடங்கள் 40 வரை சரி என்று அச்சிடுகின்றன. ஆணுக்கு 33, பெண்ணுக்கு 25 அளவில்தான் எல்லை என்று ஈரல் நிபுணர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே ஒரே எண் கணவருக்கு விளிம்பில் நிற்கிறது, உங்களுக்குச் சற்றுக் கூட. வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்து ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்தவர்களுக்கும் படியலாம், பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு மாற்று வடிவம் கொழுப்பை ஈரலிலேயே தங்க வைத்து இந்த நொதியை ஏற்றுவது 2008 முதல் தெரிந்த விஷயம்.

கொழுப்பு படிந்திருந்தாலும் ஸ்டாட்டினை விட வேண்டியதில்லை. நொதி எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் நிறுத்துவதைப் பற்றி யோசிப்போம். நீங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள். கொலஸ்ட்ரோலுக்காக மட்டும் ஈஸ்ட்ரஜன் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள், அது எல்.டி.எல்.ஐக் குறைத்தாலும் டிரைகிளிசரைட் என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பை ஏற்றிவிடும்.

பரம்பரைக் குறை உறுதியானால் உங்கள் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களையும் அண்ணாவின் பிள்ளைகளையும் இந்த மாதமே இரத்தம் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள்.