நகையை அடகு வைக்காதீர்கள், பையன் இயற்பியல் படிக்கட்டும்

அம்மா, பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு "மீக்கடத்தியில் லேசர் பாய்ச்சினால் என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்கிறான், கொழுந்தனாரோ கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பணம் கட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். நகையை அடகு வைத்து, பிள்ளை கேட்காத படிப்பை வாங்கித் தருவதை என்னால் ஏற்கவே முடியாது.

அவன் கேட்பது நல்ல கேள்வி. மீக்கடத்தி என்றால், மிகவும் குளிர்வித்ததும் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து, மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஒளி பட்டால் பொருள் சூடாகும், சூடானால் மீக்கடத்தும் தன்மை போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் 1960களிலேயே, நுண்ணலை செலுத்தியபோது சில மீக்கடத்திகளில் அந்தத் தன்மை கூடியதைப் பார்த்தார்கள். இணை சேராமல் திரியும் எலக்ட்ரான்களை அலை மேல் ஆற்றலுக்குத் தள்ளிவிடுவதால், மற்றவை இணை சேர்வதற்கான தடை குறைகிறது என்று 1970இல் இயற்பியலாளர் எலியாஷ்பெர்க் விளக்கினார். சுமார் 20 கெல்வினுக்கு (மைனஸ் 253 டிகிரி செல்சியஸ்) கீழேதான் மீக்கடத்தும் பொட்டாசியம் கலந்த ஃபுல்லரீன் (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு), அகச்சிவப்பு லேசர் பட்டதும் 100 கெல்வின் (மைனஸ் 173 டிகிரி) வரை மீக்கடத்தி போலவே நடந்துகொண்டது என்று ஜெர்மனியின் ஹாம்பர்க் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனக் குழு 2016இல் எழுதியது. நீடித்ததோ சில பிக்கோ செகண்டுகள்தான் (ஒரு பிக்கோ செகண்ட் என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அது நிஜமான மீக்கடத்தல்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை, அதனால் இவனுக்கும் அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

சரி, வழி. ஜே.இ.இ., கவுன்சலிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாதது இது: பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், துணைப்பாடமாகக் கணிதம், மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வு, அப்புறம் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) இன்டக்ரேட்டட் பிஎச்.டி., அதாவது எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த படிப்பு. தனியாக எம்.எஸ்சி. தேவையில்லை, படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. ஆய்வு நிறுவனங்களுக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வும் எழுதினால் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கும் முயலலாம். ஆய்வு மாணவர்களுக்கு மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கல்லூரிக் கட்டணமோ மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

மொத்தம் ஒன்பது, பத்து வருடம் ஆகும். நிரந்தரச் சம்பளம் தாமதமாகத்தான் வரும், இதை அவனிடமும் மறைக்க வேண்டாம். இந்த விடுமுறையில் அணிக் கணக்குகளையும் (மேட்ரிக்ஸ்) வகைக்கெழுச் சமன்பாடுகளையும் அவனாகவே உட்கார்ந்து போடுகிறானா என்று மட்டும் பாருங்கள். போட்டால் அவன் வழியிலேயே விட்டுவிடுங்கள். கணக்கு கசக்கிறது என்றால் வேறு படிப்பைப் பேசலாம், ஆனால் அதை அவன்தான் சொல்ல வேண்டும், உறவுக்காரர்கள் இல்லை.