ஓட்டைப் பிரித்தும் எலி கிடைக்கவில்லை

கேள்வி: எங்கள் வீடு கோபிசெட்டிபாளையம் பக்கம். முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து பொடக்காலியில் நிற்க முடியாத நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதென்று விறகை எல்லாம் புரட்டினோம், சாளையின் ஓட்டைக்கூடப் பிரித்துப் பார்த்தோம். இன்று காலையில்தான் வாழைக்குழி ஓரத்தில் கண்ணில் பட்டது: ஒரு இலைகூட இல்லாமல், தரையை ஒட்டிக் கருஞ்சிவப்பில் சேலைக் கொசுவம் மாதிரி விரிந்த மடல், நடுவில் மூளை போலச் சுருங்கிய கொண்டை, மேலே ஈ. மாமியார், 'வீட்டுக்கு ஆகாது, பிடுங்கி எறி' என்கிறார். விஷச் செடியா?

பதில்: ஓடு பிரித்த கூலி தண்டம்தான் அம்மிணி! அது சேனைக்கிழங்கின் பூ. சில ஊரில் கருணை என்றும் சொல்வார்கள். எப்போதோ சமைக்க அரிந்தபோது முளைக்கண் உள்ள துண்டை யாராவது வாழைக்குழியில் வீசியிருப்பீர்கள். வருடா வருடம் தோண்டி எடுத்தால் பூவைப் பார்க்கவே முடியாது. மறந்துபோய் விட்ட கிழங்குதான் உள்ளுக்குள்ளேயே பருத்து, ஒரு கோடை மழைக்கு இப்படித் தலை காட்டும்.

எங்கள் தோட்டம் காளிங்கராயன் வாய்க்கால் பாசனம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அக்காவைப் பெண் பார்க்க ஒரம்பரை வந்த அன்றைக்கே இது பூத்துத் தொலைத்தது. ஆசாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நாய்தான் எங்கேயோ செத்துக் கிடக்கிறதென்று அப்பாரு வேலிக்கு ஆளை விரட்டினார். கல்யாணம் நடந்தது, அது வேறு கதை. ஆகவே, வீட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று உங்கள் மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் கந்தகம் கலந்த வாயுக்கள். அழுகிய இறைச்சி என்று ஏமாந்து வண்டும் ஈயும் வரும். கொண்டைக்குக் கீழே தண்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக இருப்பவைதான் உண்மையான பூக்கள். அடியில் பெண், அதற்கு மேலே ஆண். முதலில் பெண் பூ தயாராகும், நாற்றமும் அப்போதுதான் உச்சம். மறுநாள் ஆண் பூ மகரந்தத்தைக் கொட்டும். இன்னொரு கிழங்கின் மகரந்தத்தைச் சுமந்து வரும் வண்டுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். நாற்றம் நன்றாகப் பரவட்டும் என்று அந்தக் கொண்டை சூடுவேறு ஆகும். மூக்கைப் பொத்திக்கொண்டு நான் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

இதன் பெரிய பங்காளி ஒன்று சுமத்ரா காட்டில் இருக்கிறது, 3 மீட்டர் உயரம்கூட வரும். லண்டன் கியூ தோட்டத்தில் 1889-இல் அது முதன்முதலாகப் பூத்தது. 1926-இல் மறுபடி பூத்தபோது கூட்டத்தை அடக்கப் போலீஸ் வரவேண்டியிருந்ததாம். நீங்கள் பிடுங்கி எறியப் பார்க்கிறீர்கள்!

இன்னும் ஒரு நாள் பொறுங்கள், நாற்றம் தானாக அடங்கிவிடும். அதுவும் முடியாதென்றால் ஒரு மக்கிரியைக் கவிழ்த்து, மேலே ஈரச்சாக்கைப் போட்டு வையுங்கள். தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒடித்தால் வடியும் சாறு அரிக்கும், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூ வாடியபின் குடை மாதிரி ஒரே ஒரு இலை வரும். புள்ளி புள்ளியாகத் தண்டு போலத் தெரிவதும் அந்த இலையின் காம்புதான். அது மஞ்சளாகிச் சாய்ந்ததும் மம்மட்டியைத் தள்ளி வைத்துக் கொத்துங்கள், கிழங்கில் வெட்டு விழக்கூடாது.

கேள்வி: சேனை நறுக்கினால் கை ஏன் அரிக்கிறது? (பெருந்துறை வாசகர்)

பதில்: கிழங்குக்குள் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி ஊசியான படிகங்கள் உண்டு, அவைதான் குத்துகின்றன. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஈரம் படாமல் நறுக்குங்கள். புளித்தண்ணீரில் வேகவைத்தால் தொண்டையும் தப்பிக்கும்.