அடுப்படிக் கேள்வி: மலைக் குளிரில் டாஃபி குக்கீ

வெண்ணெயைச் சிவக்கக் காய்ச்சி, டாஃபித் துண்டுகள் சேர்த்துச் செய்யும் சாக்லேட் சிப் குக்கீ, கோவையில் இருக்கும்போது சரியாக வந்தது. இங்கே அதே அளவில் செய்தால் அப்பளம்போலப் பரந்துவிடுகிறது. ஓரம் கருகுகிறது, நடு வேகவில்லை. ஏன்?
– வாசகி, உதகமண்டலம்

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். மாவின் ஈரம் சீக்கிரம் ஆவியாகிச் சர்க்கரை செறிந்துபோகிறது. காற்றழுத்தம் குறைவதால் சமையல் சோடாவின் வாயுவும் கூடுதலாக விரிகிறது. மாவு இறுகும் முன்பே குக்கீ படர்ந்துவிடும்.

உப்பில்லா வெண்ணெய் 200 கிராமுக்கு மைதா 250 போட்டிருந்தால் 270 கிராமாக்குங்கள். பிரவுன் சுகரும் வெள்ளைச் சர்க்கரையும் சேர்த்து 225 கிராம் போதும். சோடா அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். உப்பு அரை டீஸ்பூன், ஒரு முழு முட்டை, ஒரு மஞ்சள் கரு, சாக்லேட் 170, டாஃபி 100 கிராம்.

வெண்ணெய் காய்ச்சுவதில்தான் ருசியே இருக்கிறது. நெய் காய்ச்சுவதுபோலவே தொடங்குங்கள். சடசடப்பு அடங்கி நுரை பொங்கும்போது அடியில் கசண்டு சிவக்கத் தொடங்கும். வறுத்த நிலக்கடலைத் தோலின் நிறம் வந்த நொடியே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சூடான சட்டியிலேயே விட்டால் கருகிக் கசக்கும். வடிகட்டாதீர்கள், கசண்டையும் சுரண்டிச் சேருங்கள். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது போய் சுமார் 165 கிராம்தான் மிஞ்சும் என்பதால் ஒரு டேபிள்ஸ்பூன் பால் விடுங்கள். சூட்டோடு சர்க்கரையைக் கலந்தால் மறுபடியும் படரும். உறைய ஆரம்பித்துக் குழைவாக இருக்கும்போது கலக்க வேண்டும். தோசை மாவே பொங்காத குளிரில் இது விரைவில் கட்டியாகிவிடும், பக்கத்திலேயே இருங்கள்.

45 கிராம் உருண்டைகளாக்கி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, 185 டிகிரியில் 10, 11 நிமிடம் சுடுங்கள். நடு லேசாகப் பளபளக்கும்போதே எடுத்துவிடலாம்.

டாஃபி சில நேரம் பிரிந்து நெய் மிதக்கிறது. சரியாக வந்தாலும் மறுநாள் கையில் ஒட்டுகிறது.
– வாசகி, கொடைக்கானல்

தீ கூடினாலும் ஏறி இறங்கினாலும் டாஃபி பிரியும். அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெய் 100, சர்க்கரை 100 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர், சிட்டிகை உப்பு. தீ மிதமாகவே இருக்கட்டும். பிரிந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு விடாமல் கிளறுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

சமவெளியில் டாஃபிப் பாகை 149 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு டிகிரி குறைத்தால் உங்களுக்கு 142. 149 வரை விட்டால் கருகல் வாடை வரும். வெப்பமானி இல்லையென்றால் கடலை மிட்டாய்ப் பாகுக்குப் பார்ப்பதுபோலக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள். எடுத்து ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயணும்.

மறுநாள் ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூடுபனிதான். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளில் செய்து, ஆறியதும் இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். மாவில் சேர்க்கும்போது பட்டாணி அளவுத் துண்டுகள் உருண்டைக்குள் புதைந்திருக்கட்டும். வெளியே துருத்தினால் உருகி ஒழுகித் தட்டில் பிடித்துக் கருகும். சுட்டதும் 5 நிமிடம் தட்டிலேயே விட்டால் டாஃபி இறுகி, குக்கீ உடையாமல் வரும்.

மலைக் கடைகளில் விற்கும் ஹோம்மேட் சாக்லேட்டை நறுக்கிப் போடலாமா?
– வாசகர், குன்னூர்

எதில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். ‘காம்பவுண்ட்’ எனப்படும் சாக்லேட் வகையில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போன்ற கொழுப்பு இருக்கும். நாக்கில் மெழுகாகப் படியும். கோகோ வெண்ணெய் உள்ள, கோகோ அளவு 55 சதவீதத்துக்கு மேற்பட்ட டார்க் சாக்லேட்டே டாஃபியின் தித்திப்புக்கு ஈடு கொடுக்கும்.