ஒரே வருடத்துக்கு நாலு ‘ஆல்-சதர்ன்’ பட்டியல்: எது அசல்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அடுத்த மாதம் 88 வயது நிறைகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் தாத்தா மாதிரி. அவருடைய அப்பா இந்த ஊர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவராம். 1911-இல் ‘ஆல்-சதர்ன்’ வீரர் என்று அடிக்கடி பெருமையாகச் சொல்வார். அதை ஃபிரேம் போட்டுப் பிறந்தநாள் பரிசாகத் தரலாம் என்று தேடினால், அந்த ஒரு வருடத்துக்கே நாலைந்து ஆல்-சதர்ன் பட்டியல்கள் கிடைக்கின்றன. ஒன்றில் அந்தக் குடும்பப் பெயர் இருக்கிறது, மற்றவற்றில் இல்லை. எது அசல்? பெரியவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரா? ஃபிரேமில் என்ன எழுதுவது?

பதில்: பெரியவர் கூட்டிச் சொல்வதாகத் தெரியவில்லை. நீங்களும் தப்பான இடத்தில் தேடவில்லை. சிக்கல் ‘அசல்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஆல்-சதர்ன் என்பது மைதானத்தில் இறங்கி ஆடிய அணி அல்ல. சீசன் முடிந்ததும் ஒரு பத்திரிகைக்காரரோ, ஒரு கோச்சோ, ஒரு நடுவரோ உட்கார்ந்து, தெற்கு மாநிலக் கல்லூரிகளில் தன் கண்ணுக்குச் சிறந்தவர்களாகப் பட்ட 11 பேரை எழுதி அச்சுக்குக் கொடுத்த பட்டியல் அது. உலகக் கோப்பை முடிந்த மறுநாள் ஆளுக்கொரு கனவு லெவன் போடுகிறார்களே, அதே சமாச்சாரம்தான். அங்கீகரித்து முத்திரை குத்த ஒரு வாரியம் கிடையாது. அதனால் ஒரு பட்டியலில் பெயர் இருந்தாலே அவர் ஆல்-சதர்ன்தான். ஆனால் யாருடைய பட்டியலில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால், எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் பிடிபடும். 1889-இல் காஸ்பர் விட்னி என்ற விளையாட்டு எழுத்தாளர் ஒரு வார இதழில் முதல் ‘ஆல்-அமெரிக்கா’ அணியை, அதாவது நாட்டிலேயே சிறந்த 11 பேர் பட்டியலை, வெளியிட்டார். அதில் யேல் ஆட்டக்காரராக இருந்து ஆட்டத்தின் விதிகளையே வடிவமைத்த வால்டர் கேம்ப்பின் கையும் உண்டு. பெயர்தான் ஆல்-அமெரிக்கா. 11 பேரும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் என்ற மூன்றே கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள். சிகாகோவுக்கும் மேற்கே தேசம் விரிந்து கிடந்தது. பட்டியல் போட்டவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆட்டத்தைப் படம் பிடித்துப் பிறகு போட்டுப் பார்க்கும் வசதி இல்லை. எல்லா ஊரிலும் பெரும்பாலும் சனிக்கிழமைதான் ஆட்டம். ஒருவர் ரயிலேறிப் போய் வாரத்துக்கு ஒன்று பார்க்கலாம். மீதிக்குத் தந்தியும், நண்பர்களின் கடிதமும், மறுநாள் பேப்பரும்தான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர் கேம்ப் போட்ட ஆல்-அமெரிக்கா பட்டியலின் முதல் அணியில் இடம் பிடித்தது 1898-இல். மேற்கிலிருந்து அப்படி ஒருவர் வருவது அதுவே முதல் தடவை. தெற்குக்கு இன்னும் இருபது வருடக் காத்திருப்பு. அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் கல்லூரிக்கு சென்டர் இடத்தில் ஆடிய ‘பம்’ டே அங்கே நுழைந்தது 1918-இல்தான். இடைப்பட்ட காலத்தில் தெற்கில் ஆட்டக்காரர்கள் இல்லாமலா போனார்கள்? இந்தப் புறக்கணிப்புக்கு உள்ளூர்க்காரர்கள் தந்த பதிலாகத்தான் ஆல்-வெஸ்டர்ன், ஆல்-சதர்ன் பட்டியல்களை நான் பார்க்கிறேன். நீ எங்களைப் பார்க்க மாட்டாய் என்றால் நாங்களே எங்கள் ஆட்களைப் பட்டியல் போட்டுக்கொள்கிறோம் என்ற ரோஷம் அதில் தெரிகிறது. ஆகவே 1911-இல் ஒரு தெற்கத்திப் பையனுக்கு ஆல்-சதர்ன் என்பது இரண்டாந்தர கௌரவம் இல்லை. நடைமுறையில் அவன் எட்டிப் பிடிக்கக்கூடிய உச்சமே கிட்டத்தட்ட அதுதான். பெரியவர் பெருமைப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. தெற்கத்திக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கத்தை 1894-இல் தொடங்கி வைத்தவர் வாண்டர்பில்ட் பேராசிரியர் வில்லியம் டட்லி. அப்புறம், அதே டென்னசியில் மலை மேல் இருக்கும் சிறிய கல்லூரி செவானி. 1899 நவம்பரில் அந்த அணி ரயிலேறி, 9-ஆம் தேதி ஆஸ்டினில் டெக்சஸை 12-0, 10-ஆம் தேதி ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 10-0, 11-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0 என்று அடித்தது. ஞாயிறு ஓய்வு. 13-ஆம் தேதி பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0, 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், சுமார் 2,500 மைல் பயணம், எதிரணிகள் எடுத்தது மொத்தத்தில் சைபர். இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த மாணவ மேனேஜர் லூக் லீ. அவர்தான் 1907-இல் ‘நாஷ்வில் டென்னசியன்’ நாளிதழைத் தொடங்கியவர்.  அந்தப் பத்திரிகையின் தொடக்க வருடங்களில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் கிராண்ட்லண்ட் ரைஸ், வாண்டர்பில்ட்டில் 1901-இல் பட்டம் வாங்கியவர். அவரும் ஆல்-சதர்ன் பட்டியல்கள் போட்டார். பின்னாளில் நியூயார்க் போய் நாடறிந்த எழுத்தாளராகி, கேம்ப் 1925-இல் இறந்ததும் ‘கோலியர்ஸ்’ இதழின் ஆல்-அமெரிக்கா பட்டியலுக்கே அவர்தான் பொறுப்பேற்றார்.

பட்டியல் போட்ட இன்னொரு பெரிய கை ஜான் ஹைஸ்மன். ஆபர்ன், கிளெம்சன், ஜார்ஜியா டெக் என்று வரிசையாகக் கோச் வேலை பார்த்தவர். அந்த வேலையில் இருந்தபடியே ஆல்-சதர்ன் பட்டியலும் எழுதினார். தன் பையன்களைத் தானே பட்டியல் போடுவதா என்று இன்று கேட்போம். அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை. இருந்தாலும் ஒரு கோச்சின் பட்டியலில் போட்டிக் கல்லூரி ஆள் இடம் பிடித்திருந்தால் நான் அதற்கு ஒரு மார்க் கூடுதலாகவே போடுவேன். உங்கள் பெரியவரின் அப்பா பெயரைச் சொன்னது ஒரு அட்லாண்டா ஆளா, நாஷ்வில் ஆளா என்று பாருங்கள். வெளியூர்க்காரர் வாயால் வந்த பாராட்டு என்றால் ஃபிரேமுக்கு இன்னும் எடுப்பாக இருக்கும்.

‘தெற்கு’ என்ற சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் டட்லியின் சங்கக் கல்லூரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வர்ஜீனியா ஒரு பட்டியலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்று மட்டும் மாறவில்லை: வெள்ளையர் கல்லூரிகள் மட்டும்தான். வாண்டர்பில்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே நாஷ்வில்லில் இருக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் இந்தப் பட்டியல்களில் அவருக்கு இடமில்லை. இத்தனைக்கும் வடக்கில் ஹார்வர்ட்டின் வில்லியம் ஹென்றி லூயிஸ் 1892-லேயே ஆல்-அமெரிக்கா ஆகியிருந்தார். உங்களைப் போல இன்னொருவர் ஃபிஸ்க்கிலோ அலபாமாவின் கறுப்பினக் கல்லூரியான டஸ்கீகியிலோ ஆடிய ஒருவரைத் தேடினால் ‘சிகாகோ டிஃபெண்டர்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற கறுப்பினப் பத்திரிகைகளைத்தான் புரட்ட வேண்டும். ஆல்-சதர்ன் பட்டியலில் பெயர் இல்லை என்பது அவர் விஷயத்தில் எதையும் நிரூபிக்காது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம்.

முதலில் தேதி. அன்றைய சீசன் நன்றிநவிலல் நாளோடு, அதாவது நவம்பர் கடைசி வியாழனோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அடுத்த ஞாயிறு இதழ்களிலிருந்து பட்டியல்கள் வர ஆரம்பிக்கும். ஆகவே 1911 நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் பாதி வரை பார்த்தால் போதும். முழு வருடத்தையும் தோண்ட வேண்டாம். நாஷ்வில்லின் டென்னசியன், பேனர், அட்லாண்டாவின் கான்ஸ்டிட்யூஷன், ஜர்னல், மெம்ஃபிஸின் கமர்ஷியல் அப்பீல் ஆகிய ஐந்தும் முக்கியம். உங்கள் ஊரிலேயே டென்னசி மாநில நூலகமும் ஆவணக் காப்பகமும் இருக்கிறது, பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் அங்கே உண்டு. கட்டணத் தளத்துக்குப் பணம் கட்டும் முன் உங்கள் பொது நூலக அட்டையை வைத்து இலவசமாகப் பார்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

கணினியில் தேடும்போது குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். மங்கலான பழைய அச்சை எந்திரம் தப்புத் தப்பாகப் படித்து வைத்திருக்கும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பாப் மக்வோர்ட்டர் 1910 முதல் 1913 வரை நாலு வருடமும் ஆல்-சதர்ன். அந்த வருடங்களில் யார் பட்டியல் போட்டாலும் அவரை விட்டுவிட்டுப் போடுவது கஷ்டம். அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பட்டியல் அச்சான பக்கம் சிக்கியதும் உங்கள் ஆளைக் கண்ணால் தேடிக்கொள்ளலாம்.

பக்கம் சிக்கியதும் என்ன தெரியும்? இடது எண்ட், இடது டேக்கிள், இடது கார்ட், சென்டர், வலப்பக்கம் அதே மூவர், குவார்ட்டர்பேக், இரண்டு ஹாஃப்பேக், ஃபுல்பேக் என்று ஆடும் இடத்துக்கு ஒன்றாக 11 வரி. ஒவ்வொரு வரியிலும் குடும்பப் பெயர், பக்கத்தில் கல்லூரி, அவ்வளவுதான். இன்று போலத் தாக்குதலுக்குத் தனி, தடுப்புக்குத் தனி என்று 22 பேர் கிடையாது. பந்து கையில் இருந்தாலும் எதிரணியிடம் இருந்தாலும் அதே 11 பேர்தான் மண்ணில் புரண்டார்கள். கீழே ‘இரண்டாம் அணி’ என்று இன்னொரு 11 இருக்கலாம். அதற்கும் கீழே பத்தியாக ‘குறிப்பிடத்தக்கவர்கள்’ என்று ஒரு கூட்டம் வரும். உங்கள் ஆள் இந்த மூன்றில் எதில் இருக்கிறார் என்று பாருங்கள். குடும்பக் கதைகளில் மூன்றுமே ஆல்-சதர்ன் ஆகிவிடுவது வழக்கம்.

உறுதிப்படுத்த இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஸ்பால்டிங் நிறுவனம் வருடா வருடம் போட்ட ஃபுட்பால் கையேட்டில் பல வட்டாரங்களின் பட்டியல்களைத் தொகுத்திருப்பார்கள். பழைய பிரதிகள் இணைய நூலகங்களில் கிடைக்கின்றன. வாண்டர்பில்ட் ஆண்டுமலரில் அணிப் படமும் வீரர் குறிப்பும் இருக்கும், பல்கலைக்கழக ஆவணப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 1911 சீசன் பற்றிய சேதி 1912 என்று அட்டையில் போட்ட புத்தகத்தில்தான் வரும். 1911 அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, பெயர் இல்லை என்று பெரியவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

வாண்டர்பில்ட்டுக்கு அது நல்ல வருடம். அந்த சீசனில் மிச்சிகனிடம் மட்டும் 9-8 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். அதற்கு முந்தைய வருடம் யேலின் ஊருக்கே போய் 0-0 என்று நிறுத்திவிட்டு வந்தவர்கள். அந்த அணியில் இடம் கிடைத்ததே லேசுப்பட்ட விஷயமில்லை. ஆகவே எந்தப் பட்டியலும் உறுதியாகாவிட்டாலும், அணிப் படம் ஒன்று கிடைத்தால் அதையே ஃபிரேம் போடலாம்.

உறுதியானால் எழுத வேண்டியது இவ்வளவுதான்: பெயர், அணியில் ஆடிய இடம் (சென்டர், ஹாஃப்பேக் என்பது போல), ‘ஆல்-சதர்ன் முதல் அணி, 1911’, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘தேர்வு செய்தவர் இன்னார், இந்தப் பத்திரிகை, இந்தத் தேதி’. அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாளை யாராவது வேறொரு பட்டியலைக் காட்டி வாதாடினாலும் உங்கள் ஃபிரேம் நிற்கும். ‘அதிகாரபூர்வ’, ‘ஒருமனதாக’ போன்ற சொற்கள் வேண்டாம், அன்று அதற்கு வழியே இல்லை. முடிந்தால் பத்திரிகைப் பக்கத்தின் நகலையும் கீழே ஒட்டுங்கள், எழுத்து மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியவரிடம் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டுவிடுங்கள்: அவருடைய சித்தப்பா, பெரியப்பா யாராவது அதே கல்லூரியில் ஆடினார்களா? பட்டியலில் இருப்பது வெறும் குடும்பப் பெயர். வாண்டர்பில்ட்டிலேயே சில வருடங்களுக்கு முன் பாப், டான், வான் என்று மூன்று பிளேக் சகோதரர்கள் ஆடினார்கள். ‘பிளேக், வாண்டர்பில்ட்’ என்ற வரியைப் பார்த்து, அது எந்த பிளேக் என்று தெரியாமல் நான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.