வீட்டு இணைப்பில் சொந்த மின்னஞ்சல் வழங்கி நடத்தலாமா?

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்புப் பணி செய்யும் வாசகர் ஒருவர், தம் டொமைனுக்கான மின்னஞ்சலை வீட்டுப் பைபர் இணைப்பிலுள்ள பழைய கணினியொன்றை வழங்கியாக (சர்வர்) வைத்து நடத்த முயன்றிருக்கிறார். அனுப்புநரைச் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைச் சரியாக இட்ட பின்னரும் ஜிமெயிலுக்கு அனுப்பும் மடல்கள் சேரவில்லை என்றும், மின்வெட்டு நேரத்தில் வரும் மடல்கள் தொலைந்துபோகுமா என்றும் கேட்கிறார்.

மடல்களைப் பெறுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நேரடியாக அனுப்புவதை மட்டும் கைவிட வேண்டும் என்பதே என் முடிவு. எஸ்பிஎஃப்பும் டிகிமும் மடல் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கின்றனவே தவிர, அது புறப்பட்ட ஐபி முகவரிக்கு நற்பெயர் வாங்கித் தருவதில்லை. வீட்டு இணைப்புகளுக்கு ஒதுக்கப்படும் முகவரிகளை குப்பை மடல்களைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் தனிப் பட்டியலாகவே வைத்திருக்கின்றன. அந்த வீட்டுக் கணினிகளில் எத்தனையோ, உரிமையாளர் அறியாமலே குப்பை மடல்களை அனுப்பியதுதான் அதற்குக் காரணம். அதோடு, ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தேடும் பிடிஆர் பதிவு டொமைன் உரிமையாளரின் கையில் இல்லை, இணையச் சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் அந்தப் பதிவை எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கிறது. பல நிறுவனங்கள் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு வழங்கிகள் ஒன்றுக்கொன்று மடல் அனுப்பும் வாயிலான வெளிச்செல்லும் போர்ட் 25ஐ மூடியும் வைக்கின்றன.

ஆகவே, வெளிச்செல்லும் மடல்களைக் கட்டணம் பெறும் அஞ்சல் சேவையொன்றிடம் போர்ட் 587 வழியாகக் கடவுச்சொல்லுடன் ஒப்படையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் இதற்கு ரிலேஹோஸ்ட் என்ற அமைப்போடு, கடவுச்சொல்லுக்கான எஸ்ஏஎஸ்எல் அமைப்புகளும் தேவை. அந்தச் சேவையின் பெயரை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்க மறக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் மடல் அவர்களுடைய வழங்கியைக் கடந்தே செல்லும் என்பதால், வாடிக்கையாளரின் உறுதிகள், தீர்ப்புகள் போன்ற ஆவணங்களை மறைகுறியாக்கி இணைப்பதே முறை.

பெறும் பக்கத்தில் முதலில் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். வெளியிலிருந்து எந்த மடலும் உங்கள் கணினியை எட்டாது. அப்போது நிலையான முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வாடகைக்கு எடுத்த சிறு வழங்கியிலிருந்து வயர்கார்ட் சுரங்கம் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) அமைக்க வேண்டும். நான் இரண்டாவதையே விரும்புவேன்: அங்கே பெரும்பாலும் பிடிஆர் பதிவையும் நீங்களே அமைக்கலாம், இணையச் சேவை நிறுவனத்தை மாற்றினாலும் எதுவும் குலையாது.

மின்வெட்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். உங்கள் வழங்கி பதிலளிக்காவிட்டால் அனுப்பும் வழங்கி மடலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது 4, 5 நாட்களாவது முயல வேண்டும் என்பது மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையின் பரிந்துரை. 2022இல் நாம் கண்ட 13 மணிநேர வெட்டைக்கூட அது தாங்கும். திடீரென மின்சாரம் நின்று வட்டு பழுதாவதுதான் மெய்யான ஆபத்து. யூபிஎஸ் ஒன்றும், வீட்டுக்கு வெளியே மறைகுறியாக்கிய நாளாந்தப் பிரதியும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

டொமைன் பதிவுக் கணக்கின் மீட்பு முகவரியாக அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், இன்றே மாற்றிவிடுங்கள். வழங்கி விழும் நாளில் அந்தக் கணக்கினுள் நுழையும் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும்.