பொற்றாசியக் கால்வாயைத் திறக்கும் மருந்துகள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் ஒரு மருந்தாளரின் பதில்களும்

மல்லாவி, ஆசிரியை: டயசொக்சைட் ஏன் சீனியைக் கூட்டுகிறது?

சதையியில் இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலம் குளுக்கோசை எரித்துச் சக்தி ஆக்கும்போது அதன் மென்சவ்விலுள்ள பொற்றாசியக் கால்வாய்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் கல்சியம் உள்ளே புகுந்து இன்சுலினை வெளியே தள்ளுகிறது. டயசொக்சைட் அந்தக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதால், சீனி ஏறியும் இன்சுலின் போதியளவு சுரப்பதில்லை. இன்சுலின் மிகையாகச் சுரந்து சீனி விழுந்துபோகும் குழந்தைகளுக்கு இக்குணமே மருந்தாகிறது. சீனி வருத்தத்துக்குத் தரும் கிளிபென்கிளமைட்டோ இதே கதவை மூடுகிறது.

கனகராயன்குளம்: இந்த மருந்துகளால் இரத்த அமுக்கம் எப்படிக் குறைகிறது?

நாடிச் சுவரின் தசையிலும் இதே இனக் கால்வாய் உண்டு. இரத்த அமுக்கத்துக்குத் தரும் மினொக்சிடில் அதைத் திறந்தால் கல்சியம் நுழையாது, தசை தளர்ந்து நாடி விரிகிறது. ஆனால் அதை ஈடுசெய்ய இதயம் வேகமாகத் துடிக்கிறது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்குகிறது. அதனாலேயே இதயத் துடிப்பை அடக்கும் குளிசையையும் சிறுநீர் போக்கும் குளிசையையும் கூடவே கொடுக்கிறார்கள். கிளினிக் கொப்பியைக் காட்டாமல் இவற்றில் ஒன்றையும் நிறுத்தாதீர்கள்.

புதுக்குடியிருப்பு: வாழைப்பழம் சாப்பிட்டால் கால்வாய் திறக்குமா, ஐயா?

திறக்காது. உணவிலுள்ள பொற்றாசியம் வேறு, இந்த மருந்து வேறு.

மாங்குளம்: இளநீர்?

மேலே வாழைப்பழத்துக்குச் சொன்ன பதிலே இதற்கும். சிறுநீரக நோயாளி மட்டும் இரண்டையும் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்: டயசொக்சைட், சிறுநீர் போக்கும் தயசைட் மருந்துகளின் இனமல்லவா? அது நீரை வெளியேற்ற வேண்டுமே. தேக்குவதாகப் படித்தேன், அது பிழை.

பிழையில்லை, மாஸ்ரர். கேள்வி நல்ல கேள்வி. இரண்டின் இரசாயன எலும்புக்கூடும் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறுநீரகத்தில் வேலை செய்வதற்குத் தேவையான சல்போனமைட்டு என்ற அணுக்கூட்டம் டயசொக்சைட்டில் இல்லை. ஆகவே அது உப்பை வெளியேற்றாமல் தேக்குகிறது. குழந்தைகளுக்கு அதனுடன் தயசைட் மருந்தான குளோரோதயசைட்டைச் சேர்ப்பதும் இதனால்தான். நீரும் இறங்கும், சீனியும் இன்னும் ஏறும். ஒரே சட்டகத்தில் பிறந்த இரண்டு மருந்துகள் நீர் விடயத்தில் எதிரெதிராக நின்று, சீனி விடயத்தில் கைகோப்பதை நான் இன்றும் வியப்புடனேயே பார்க்கிறேன்.

முல்லைத்தீவு: முடி வளர மினொக்சிடில் குளிசை எடுக்கலாமா?

தலையில் பூசும் மருந்து வேறு, விழுங்குவது வேறு. கேட்காமல் வாங்கி விழுங்கிய ஒருவர் என் மேசை முன் நின்றார். செருப்பைக் கழற்றியபோது, வீங்கிய புறங்காலில் வாரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. கிளினிக் கொப்பியைக் காட்டாமல் தொடவே வேண்டாம்.

வவுனியா, தாய்: என் குழந்தைக்கு டயசொக்சைட் எவ்வளவு?

அளவை இங்கே எழுதமாட்டேன்; குழந்தை வைத்திய நிபுணரே எடை பார்த்துச் சொல்ல வேண்டும். குழந்தை மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இம்மருந்து எடுத்த சிசுக்களில் நுரையீரல் நாடிகளின் அமுக்கம் கூடலாம் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015 இல் எச்சரித்தது.