ரீஸ்லிங்கும் மண்ணெண்ணெயும் – கடிதம்

வணக்கம் சார்,

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒயின் சுவைப்போம். போன வாரம் ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயினில் பழைய புட்டி ஒன்றைத் திறந்தார்கள். ஒருவர் பீச் பழம் என்றார், இன்னொருவர் மழையில் நனைந்த கல் என்றார். எனக்கு வந்ததெல்லாம் ரேஷன் கடை மண்ணெண்ணெய் வாடைதான். வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். என் நாக்குக்கு இது சரிப்படாதா? அல்லது மொத்தமும் ஏமாற்றா? பிரான்சில், போர்தோவில் ஓர் ஆய்வுக்காக வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்து நிபுணர்களை முட்டாளாக்கினார்களாமே! யவனர் மதுவைப் பாண்டியனே குடித்ததாகச் சங்கப்பாடல் சொல்லும்போது நாம் ஏன் கூச வேண்டும்? ஆனாலும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த கூடுகை என் வீட்டில். செட்டிநாட்டுக் கோழி செய்யலாம் என்றிருக்கிறேன். எந்த ஒயின் வாங்கலாம்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

அம்மாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரமாட்டேன். பாண்டியனையும் விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு கோப்பை குடிக்கப் புறநானூற்றிலிருந்து அனுமதிச் சீட்டு வாங்குகிற வழக்கம் நம்மவர்களுக்குத்தான் உண்டு. பிடித்தால் குடியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்.

ஆனால் மண்ணெண்ணெய் விஷயத்தில் உங்களைத் திட்டாமல் விடமுடியாது. நாள்பட்ட ரீஸ்லிங்கில் அந்த வாடை வரத்தான் செய்யும். டிடிஎன் என்று ஒரு சேர்மம். வெயில் அதிகம் பட்ட திராட்சையில் அதற்கான மூலப்பொருள் கூடுதலாக இருக்கும். புட்டியில் கிடக்கக் கிடக்க வாடை மேலேறி வரும். ஜெர்மன்காரர்களே பெட்ரோல் வாடை என்று கூசாமல் சொல்கிறார்கள். அதற்காகவே பழைய ரீஸ்லிங்கைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்று வளர்ந்த மூக்கு சரியாகப் பிடித்திருக்கிறது. பிடித்ததை அங்கே சொல்லாமல் விழுங்கிவிட்டு, இங்கே வந்து நாக்கு சரியில்லையா என்று கேட்கிறீர்கள். ஐயா, உங்கள் நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தப் போர்தோ ஆய்வை எல்லோரும் எனக்கு அனுப்பிவிட்டார்கள். 2001இல் வெளிவந்தது. சுவைத்தவர்கள் நிபுணர்கள் இல்லை, ஒயின் படிப்பு படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்கள். சாயம் கலந்த வெள்ளை ஒயினுக்குச் சிவப்பு ஒயினின் வர்ணனைகளை எழுதிக்கொடுத்தார்கள். இதிலிருந்து தெரிவது, கண் பார்த்ததை மூக்கு நம்பிவிடும் என்பது. மனித உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது, இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்? தனக்குத் தெரியவில்லை என்றதும் அதெல்லாம் பித்தலாட்டம் என்று முடிவுகட்டுவது நம் ஊர்ச் சோம்பேறித்தனங்களில் ஒன்று. அங்கே தலையாட்டினீர்கள், இங்கே ஏமாற்றா என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே பயம்தான்.

இதைப்பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தப் பதில். உங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் பாட் டியூர்க்ஹைம் போய்விடலாம். ஃபால்ட்ஸ் பகுதி, சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1934இல் கட்டிய ஒரு ராட்சதப் பீப்பாய் அங்கே இருக்கிறது. 17 லட்சம் லிட்டர் கொள்ளுமாம். ஒரு சொட்டு ஒயின்கூட அதில் ஊற்றியதில்லை, உள்ளே உணவகம் நடத்துகிறார்கள். செப்டம்பரில் அந்த ஊரில் வுர்ஸ்ட்மார்க்ட் என்ற ஒயின் திருவிழா நடக்கும். அங்கே வேலை பார்க்கும் நண்பர் என்னை அழைத்துப்போனார்.

நீளமான மரப்பலகை. முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கோப்பைக்கு டுப்பேகிளாஸ் என்று பெயர். அரை லிட்டர் பிடிக்கும், தண்டு கிடையாது, உடம்பெல்லாம் கட்டைவிரல் பதிகிற அளவுக்குக் குழிகள். சாசேஜ் தின்ற எண்ணெய்க்கையில் வழுக்காமலிருக்கக் கசாப்புக்காரர்கள் கண்டுபிடித்தது என்று கதை சொல்கிறார்கள். ரீஸ்லிங்கில் கொஞ்சம் சோடா ஊற்றி நிரப்பியிருந்தார்கள். ஒரு கோப்பைதான் மேசை முழுக்க. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

எச்சில்! சொம்பைக்கூட அண்ணாந்து குடித்துப் பழகிய வீட்டில் வளர்ந்தவன் நான். கோப்பையின் விளிம்பில் யாருடைய உதட்டுச்சாயமோ லேசாக ஒட்டியிருந்தது. நண்பர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். குடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளினேன். அந்தம்மாள் பேச்சை நிறுத்தாமலே வாங்கிக் குடித்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சை, மருமகன் வாங்கிய வீட்டின் ஒழுகும் கூரை, இப்படிப் போனது பேச்சு. பீச், கல், புல் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு புட்டி வாங்கினோம். பெரியவர் மூக்கருகே கொண்டுபோனார், ஒரு நொடிகூட ஆகியிருக்காது, தலையசைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். நனைந்துபோன அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது. தக்கை கெட்டுப்போய்விட்டால் அப்படி வரும். கடைப்பையனைக் கூப்பிட்டார், அவன் மறுபேச்சில்லாமல் வேறு புட்டி கொண்டுவந்து வைத்தான். பேச்சு மறுபடி கூரைக்குப் போய்விட்டது.

மார்கழிக் கச்சேரியில் பக்கத்து இருக்கைக்காரர் ராகத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு யார் கேட்டார்கள் என்று சுற்றிப் பார்ப்பாரே, அவரைத்தான் உங்கள் நண்பர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், தொந்தரவே அதுதான். அந்தப் பெரியவருக்கும் நிறையத் தெரியும். உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டதைக் குடித்துவிடக் கூடாது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினார். உங்கள் கூடுகையில் மதிப்பெண் அட்டை ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். சோறில்லாமல், ரொட்டித்துண்டு மட்டும் வைத்துக்கொண்டு ஆறு ஒயினை வரிசையாக உறிஞ்சித் துப்புவது வியாபாரிகளின் வேலை. அவர்கள் அதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள், நீங்கள் ஏன் அதைச் செய்ய வேண்டும்?

கோழியை மறந்தே போனேன். விலையைப் பார்த்து மயங்கிக் கெட்டியான சிவப்பு ஒயின் வாங்கிவிடாதீர்கள். அதன் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து மிளகாய் எரிச்சலை இரண்டு மடங்காக்கிவிடும், விருந்தினர்கள் தண்ணீர் தேடி ஓடுவார்கள். மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங்கில் காபினெட் என்கிற லேசான வகையை வாங்குங்கள், உலர்ந்தது என்று சொல்லப்படும் இனிப்பில்லாத ஒயின் வேண்டாம். லேசான இனிப்பு இருக்கும், ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதத்தைத் தாண்டாது. நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். மிளகாயைக் கொஞ்சம் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மோர் கரைத்து வையுங்கள். பெருங்காயம் வேண்டாம், முதல்முறையிலேயே பயந்துவிடுவார்கள்.